ஒரே தொட்டில், இரு உறக்கம்

பிள்ளை பெறாத ஒருவன் தாலாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் தாய்மார்கள் நகைப்பார்கள் என்பதை நான் அறியாதவனல்லன். நகைக்கட்டும், அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பங்குகளில் வாழ்ந்து, பாஸ்கா காலத்தில் வீடு மந்திரிக்கவும், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லவும், சாவு வீடுகளில் செபிக்கவும் அலைந்த ஒரு குருவின் கண்ணுக்குத் தொட்டில்கள் தப்புவதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்துவதா வேண்டாமா என்பதை உத்திரத்தில் தொங்கும் சேலையைப் பார்த்தே முடிவு செய்யப் பழகியிருக்கிறேன். எனினும் நான் இங்கே எழுதப்போவது கண்டறிந்த ஞானத்தையன்று, செய்த பிழையை. அப்பிழைக்கு ஆளான தாயிடம் இசைவு கேட்டபோது, "எழுதுங்க சாமி, பேரை மட்டும் போடாதீங்க" என்றாள். ஊரின் பெயரையும் விட்டுவிட்டேன்.

பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் நிறைந்த நெல்லைச் சீமைச் சிற்றூர் அது. மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், அருகே தொட்டில், தொட்டிலிலிருந்து கால் பெருவிரலுக்கு ஒரு கயிறு. இதுவே அங்கே ஓர் இளந்தாயின் பகற்பொழுது. காலால் ஆட்டிக்கொண்டே கையால் சுற்றுவாள். பிள்ளை உறங்கினால் மாலைக்குள் ஆயிரம் பீடி கட்டாகிக் கடைக்குப் போகும். உறங்காவிட்டால் கட்டுக் குறையும். அந்த வாரக் கூலியும் குறையும். ஆகவே குழந்தையின் உறக்கம் என்பது அவ்வூரில் கொஞ்சிப் பேசும் பொருளன்று. அடுப்பெரிவதோடு சேர்ந்த காரியம்.

நான் சொல்ல வந்த வீட்டின் மூத்த பெண் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தவன் நானே. அன்று தலையில் நீர் பட்டதும் மற்றப் பிள்ளைகளெல்லாம் வீறிட்டு அலற, இவள் மட்டும் கண்ணைத் திறந்து என்னை ஒருமுறை பார்த்தாள். இடக்கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து வாயில் வைத்துக்கொண்டாள். வெள்ளாடை போர்த்தி மெழுகுதிரி ஏற்றுவதற்குள் உறங்கிவிட்டாள். எனக்கு அது போதுமாயிருந்தது. "செபமாலை தவறாத வீட்டில் பிறந்த பிள்ளை எப்படியிருக்கும் என்பதற்கு இதோ சாட்சி" என்று கூடியிருந்த அனைவரும் கேட்க அந்தத் தாயைப் புகழ்ந்தேன். அவள் முகம் மலர்ந்தது. அவளுடைய மாமியார் தலை நிமிர்ந்தாள். என் சொல்வன்மையை நானே மெச்சிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன்.

குருமடத்தில் புனிதர் வரலாறுகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பலவீனம் உண்டு. புனித நிக்கோலாஸ் பால்குடிப் பருவத்திலேயே புதனிலும் வெள்ளியிலும் ஒரு முறைக்கு மேல் தாய்ப்பால் அருந்தாமல் ஒருசந்தி காத்தார் என்று இடைக்கால நூல்கள் கூறும். பக்திக்கு அழகான கதைதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் தாய், தன் பிள்ளை வெள்ளிக்கிழமையன்று ஏழு முறை பால் கேட்டால் என்ன நினைப்பாள் என்று கதை சொன்னவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. நானும் எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவ்வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதே தாய், அதே உத்திரம், தொட்டிலாகக் கட்டியதும் அதே நீல நிற நூல் சேலை. பிள்ளைதான் வேறு.

மூத்தவளைப் பாயில் கிடத்தினால் போதும். இரு விரல் வாய்க்குள் போகும். மறு கை தாயின் சேலைத் தலைப்பைத் தேடிப் பிடித்து மூக்கில் வைத்துத் தேய்க்கும். பத்துப் பீடி சுற்றுவதற்குள் உறக்கம். தொட்டிலை ஆட்டுவதுகூட அவளுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இளையவனோ விரலை வாயருகே கொண்டு சென்றால் தலையைத் திருப்பினான். கடையில் வாங்கிய ரப்பர் காம்பைத் துப்பினான். தொட்டில் ஆட வேண்டும். அதுவும் மெல்ல அன்று, சுவரில் இடித்துவிடுமோ என்று பார்ப்பவர் அஞ்சும்படி வீசி ஆட வேண்டும். கை நின்றால் கண் திறக்கும். தோளில் போட்டு நடந்தால் உறங்குவான். நடந்தவள் களைத்து உட்கார்ந்தால் அக்கணமே விழித்து அழுவான். "நான் உக்காருறது அவனுக்கு எப்படித் தெரியுது சாமி?" என்று அந்தத் தாய் பின்னொரு நாள் என்னைக் கேட்டாள். நான் படித்த இறையியலில் அதற்கு விடை இல்லை.

ஊர் தன் தீர்ப்புகளை வழங்கியது. கண்ணேறு என்றாள் ஒருத்தி. உரம் விழுந்திருக்கிறது என்று மற்றொருத்தி பிள்ளையைச் சேலையில் இட்டு உருட்டினாள். பால் போதவில்லை என்றார்கள்; பால் மிகுதி என்றும் சொன்னார்கள். கிரேப் வாட்டர் வாங்கி வந்தார்கள். (1851-இல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் என்பவர் உருவாக்கிய அந்த நீரில் முற்காலத்தில் சிறிது மதுச்சாரமும் கலந்திருந்தது. நம் பாட்டிமார் காலத்துப் பிள்ளைகள் சமர்த்தாக உறங்கியதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும்.) மாமியார் எந்த வைத்தியமும் சொல்லவில்லை. "மூத்தது இப்படியா இருந்துச்சு?" என்று மட்டும் நாளுக்கு நான்கு முறை கேட்டாள். கணவன் கேரளத்தில் கொத்து வேலை செய்பவன். மாதம் இருமுறை வருவான். வந்த இரவுகளில் அவனும் திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டான்.

நான் அந்த வீட்டை மந்திரிக்கச் சென்றபோது பிள்ளைக்கு நான்கு மாதம். தீர்த்தம் தெளித்து முடிக்கும்வரை ஓயாமல் அழுதான். தாயின் கண்கள் குழி விழுந்திருந்தன. தட்டில் வெட்டிய இலைகள் காய்ந்து சுருண்டு கிடந்தன. "சாமி, ராத்திரி ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்பல ஒறங்கி மூணு மாசமாச்சு" என்றாள். அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது அமர்ந்து கேட்கும் ஒரு மனிதன். எனக்கோ இருட்டுவதற்குள் இன்னும் பதினெட்டு வீடுகள் இருந்தன. நின்றவாறே சொன்னேன்: "மூத்தவளை எப்படி வளர்த்தாயோ அப்படியே இவனையும் வளர்த்தால் சரியாகிவிடும் அம்மா. வீட்டில் சமாதானம் இருந்தால் பிள்ளையும் சமாதானமாய் உறங்கும். செபத்தை விட்டுவிடாதே." அவள் பதில் கூறவில்லை. "நல்லாக் கேட்டுக்கோ" என்றாள் மாமியார். நான் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பின் இரண்டு ஞாயிறுகள் அவள் திருப்பலிக்கு வரவில்லை என்பதை நான் கவனிக்கக்கூட இல்லை. மூன்றாம் வாரம், பங்கின் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் செவிலிச் சகோதரி என் அறைக்கு வந்தார். அமரச் சொன்னேன், அமரவில்லை.

"ஃபாதர், அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னீர்கள்?"

நினைவுபடுத்திச் சொன்னேன்.

"நேற்று நள்ளிரவில் அவள் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு வெளியே போய் அடிபம்பருகே உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே போனால் தன் கையாலேயே அவனுக்கு ஏதாவது நேர்ந்துவிடும் என்று பயம். விடியும்வரை எழுந்திருக்கவில்லை. 'மூத்தவள் உறங்கினது என் செபத்தால் என்றால், இவன் உறங்காதது என் பாவத்தால்தானே சிஸ்டர்' என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்லட்டும்?"

என்னிடமும் பதில் இல்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காலஞ்சென்ற என் தாயை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் நானும் தம்பியுமாக இருவர். என்னைப் பெற்ற முதல் ஆண்டு முழுவதும் தான் தலைசாய்த்துப் படுத்ததில்லை என்பாள். சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, காலின் மேல் என்னைக் கிடத்தி ஆட்டியே விடிந்ததாம். தம்பியோ விளக்கு வைத்ததும் உறங்கினால் கோழி கூவும்வரை அசையமாட்டான். பின்னாளில் நடந்தது என்ன? உறங்காத நான் குருமடத்துக்குப் போனேன். அமைதியாக உறங்கிய தம்பி இருபது வயது வரை வீட்டை இரண்டாக்கிவிட்டே ஓய்ந்தான். வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி என் தாய் சிரிப்பாள். நூறு முறை கேட்ட இந்தக் கதை அந்தத் திருமுழுக்கு நாளில் என் நினைவுக்கு வரவேயில்லை.

இதைவிடப் பெரிய சாட்சியமும் என்னிடம் இருந்தது. குருவான புதிதில் இளங்குருமடத்தில் சில ஆண்டுகள் மாணவர்களைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்தேன். நாற்பது சிறுவர்கள் உறங்கும் நீண்ட கூடம். இரவுச் செபத்திற்குப் பின் பேசக்கூடாது. விளக்கணைந்த பிறகு கைவிளக்குடன் ஒரு சுற்று வருவேன். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். பகலில் பந்தையும் ஒருவரையொருவரும் உதைத்தவர்கள். இருள் வந்ததும் ஒவ்வொருவனும் தன் தொட்டிலுக்குத் திரும்பிவிடுவான். ஒருவன் போர்வையின் முனையைச் சுருட்டி மூக்கில் வைத்துக்கொள்வான். ஒருவன் தன் காதுமடலைத் தடவிக்கொண்டிருப்பான். ஒருவன் தலையை இடமும் வலமும் உருட்டுவான். அவன் கட்டிலின் கிரீச்சொலி நின்றால் உறங்கிவிட்டான் என்று பொருள். போர்வைக்குள் விரல் சூப்பிய ஒருவனும் இருந்தான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அண்ணனும் தம்பியுமாக இருவர் சேர்ந்திருந்தனர். மூத்தவன் சுவரோடு ஒட்டிப் படுத்தால்தான் உறங்குவான். இளையவனுக்குச் சன்னல் காற்று முகத்தில் படவேண்டும். இருவரும் ஒரே தாய் வளர்த்த பிள்ளைகள். உறக்கத்தைக் கொண்டு இவர்களில் ஒருவனுக்கும் நான் நன்னடத்தை மதிப்பெண் இட்டதில்லை. என் வழக்கத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: தலையணை உறையின் தையலை விரலால் வருடாமல் இந்த வயதிலும் எனக்கு உறக்கம் பிடிப்பதில்லை.

திருநூல் அறியாத செய்தியுமன்று இது. ரெபேக்காவின் வயிற்றில் ஒரே காலத்தில் உருவான ஏசாவும் யாக்கோபும் பிறக்குமுன்பே முட்டிக்கொண்டனர். ஒருவன் காட்டுக்கும் மற்றவன் கூடாரத்துக்கும் உரியவனாக வளர்ந்தான். அதற்குக் காரணம் ரெபேக்காவின் செபக்குறைவு என்று தொடக்கநூல் எங்கும் சொல்லவில்லை. புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கையைக் கடவுளிடம் அறிக்கையிட அமர்ந்தபோது, தமக்கு நினைவில்லாத குழந்தைப் பருவத்தை அறிந்துகொள்ள மற்றவர்களின் கைக்குழந்தைகளை உற்றுக் கவனித்தார். தாம் முதன்முதலில் சிரித்தது உறக்கத்தில்தான் என்று பிறர் சொல்லக் கேட்டதையும் எழுதி வைத்தார். அந்தப் பெரியவர் பார்த்துவிட்டு எழுதினார். நான் பாராமலே போதித்துவிட்டேன்.

சகோதரி எனக்குச் சில நூல்களைத் தந்தார். வேறு சிலவற்றை நானே தேடிப் படித்தேன். நியூயார்க் நகரில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மனநல மருத்துவத் தம்பதியர் 1956-இல் தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை அவர்கள் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே, பசியும் உறக்கமும் வேளை தவறாமல் வருவதில், புதியதை ஏற்பதில், சிறு ஒலியையும் தொடுதலையும் தாங்குவதில் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு தெரிந்தது. ஏறத்தாழ நூற்றுக்கு 40 பிள்ளைகள் எளிதானவர்கள். 10 பேர் கடினமானவர்கள். 15 பேர் மெல்ல மெல்ல இணங்குபவர்கள். எஞ்சியோர் எந்த வகையிலும் முழுமையாக அடங்காதவர்கள். பிள்ளையிடம் காணும் ஒவ்வொரு கோளாறுக்கும் தாயையே குற்றவாளியாக்கும் போக்கு அந்நாளைய மேலைநாட்டு அறிஞரிடையே ஓங்கியிருந்தது. அதை மறுத்தே இத்தம்பதியர் எழுதினர். பிள்ளையின் இயல்பு நல்லதா தீயதா என்பதன்று கேள்வி. அந்த இயல்பும் வீட்டாரின் எதிர்பார்ப்பும் இசைகின்றனவா என்பதே கேள்வி என்றனர். நாம் இதைப் பொருத்தம் என்போம். திருமணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறோம். தாய்க்கும் சேய்க்கும் பார்ப்பதில்லை. பார்த்துத் திருப்பியனுப்பவும் வழியில்லை.

என்னை மிகவும் வெட்கப்படுத்தியது மற்றொரு செய்தி. 1970-களில் தாமஸ் ஆண்டர்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், குழந்தைகள் உறங்குவதை இரவு முழுவதும் படக்கருவியில் பதிவு செய்து பார்த்தார். "இரவெல்லாம் உறங்குகிறது" என்று பெற்றோர் எண்ணியிருந்த பிள்ளைகளும் இரவில் விழித்துக்கொண்டன! வேறுபாடு விழிப்பதில் இல்லை; விழித்த பின் நடப்பதில் இருந்தது. சில பிள்ளைகள் தாமாகவே அமைதியடைந்து மீண்டும் உறங்கின. சில பிள்ளைகள் குரல் கொடுத்து அழைத்தன. அப்படியானால் நான் ஊரறியப் புகழ்ந்த மூத்தவளும் இரவில் விழித்திருக்கவே வேண்டும். இருளில் கண் திறந்து, தன் இரு விரலைத் தேடி எடுத்து, ஒருவரும் அறியாமல் மீண்டும் உறங்கியிருக்கிறாள். அவள் தம்பிக்கு அந்த வழி வாய்க்கவில்லை. அவன் அறிந்த வழி தாயை அழைப்பது. அதை அவன் தவறாமல் செய்தான்.

விரல் சூப்புவதைக் கருவறையிலேயே சில பிள்ளைகள் தொடங்கிவிடுகின்றன என்பதை ஸ்கேன் படங்கள் காட்டுகின்றன. அப்போது எந்தத் தாய் அதைக் கற்றுக்கொடுத்தாள்? கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இரவு உறக்கத்தின் நீளத்தில் பிறவிக் கூறுக்குப் பெரும்பங்கு உண்டென்றும், பகலுறக்கத்தில் வீட்டுச் சூழலுக்கு அதிகப் பங்கு உண்டென்றும் கண்டது. தாயின் கேள்விக்கும் விடை கிடைத்தது. சுமந்துகொண்டு நடக்கும்போது சிசுவின் இதயத் துடிப்பே தணிகிறது, உட்கார்ந்தால் அந்தத் தணிவு இல்லை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே 2013-இல் எழுதினர். தாய் உட்காருவதைப் பிள்ளை அறிவது குறும்பாலன்று. அது உடம்பின் அறிவு. அதே ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு முறையையும் சொன்னார்கள்: அழும் பிள்ளையை ஐந்து நிமிடம் தூக்கி நடப்பது, உறங்கியபின் உடனே கிடத்தாமல் ஐந்து முதல் எட்டு நிமிடம் அணைத்தபடி அமர்ந்திருப்பது, பிறகு கிடத்துவது. இதை நான் அவளிடம் சொன்னபோது, "எட்டு நிமிசத்துல நாப்பது இலை வெட்டிருவேன் சாமி" என்றாள். ஆயினும் செய்து பார்த்தாள். சில நாள் பலித்தது. சில நாள் பலிக்கவில்லை.

நூல்களைப் பற்றிப் பேசிக் கதையை விட்டுவிட்டேன். சகோதரி வந்து சொன்ன மறுநாள் நண்பகலில், கையில் தீர்த்தச் செம்போ செபநூலோ இல்லாமல் அந்த வீட்டுக்குப் போனேன். நாற்காலியை நானே இழுத்துப் போட்டு அமர்ந்தேன். "அம்மா, அன்று நான் சொன்னது தவறு. திருமுழுக்கு நாளில் சொன்னதும் தவறு. மூத்தவள் உறங்கியது உன் புண்ணியமுமன்று, இவன் அழுவது உன் பாவமுமன்று" என்றேன். அவள் பேசவில்லை. தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிள்ளையைத் தோளில் போட்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தவள் மாமியார். அடிபம்பருகே மருமகள் உட்கார்ந்திருந்த அந்த இரவில் விடியும்வரை அவனைச் சுமந்து நடந்தவள் அவளே. ஓர் இரவு போதுமாயிருந்தது. மூத்ததைப் பற்றிய அந்தக் கேள்வியை அதன்பின் அவள் கேட்டதாக நான் அறியேன்.

அவளைச் சகோதரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். பிரசவத்திற்குப் பின் சில தாய்மாருக்கு வரும் மனச்சோர்வு இது. பிடிவாதமுமன்று, பேய்க்கோளாறுமன்று, மருந்தாலும் ஆறுதல் பேச்சாலும் தீரும் நோய் என்று மருத்துவர் விளக்கினார். இன்னொன்றும் சொன்னாராம். கை நடுங்கும் அளவுக்குச் சினமோ பயமோ வந்தால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சற்று விலகிப் போவதே சரி. அந்த இரவில் அவள் வெளியே போய் உட்கார்ந்தது குற்றமன்று, பிள்ளையைக் காப்பாற்றிய செயல். உலுக்கினால்தான் ஆபத்து, கைக்குழந்தையைப் பலமாக உலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியும். இதைக் கேட்ட பிறகே அவள் நிமிர்ந்து பார்த்தாள் என்று சகோதரி கூறினார். நம் பங்குகளில் இத்தகைய தாய் இருந்தால், அழைத்துச் செல்ல ஆளில்லாவிடினும் 2022-இல் மைய அரசு தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி உதவிக்கு 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வீட்டிலும் சில ஏற்பாடுகள் நடந்தன. இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை பிள்ளை பாட்டியின் பொறுப்பு; தாய் அடுத்த வீட்டில், அழுகை காதில் விழாத அறையில் உறங்கினாள். கணவன் ஊருக்கு வரும் நாள்களில் திண்ணைப் படுக்கை நீங்கியது. புகையிலைத் தூள் பறக்கும் தட்டு தொட்டிலருகிலிருந்து தாழ்வாரத்துக்கு மாறியது. கால் பெருவிரல் கயிறும் சற்று நீண்டது. சகோதரி இரண்டு நாள் மாலை அவ்வீட்டில் அமர்ந்து பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அழுவதற்குக் கால் மணி நேரத்திற்கு முன்பே கொட்டாவி விட்டு, முகத்தைத் திருப்பி, காதைப் பிடித்து இழுப்பதைக் கண்டார். அந்நேரம் பார்த்துத்தான் வீட்டார் அவனைச் சிரிக்க வைக்கக் கிலுகிலுப்பையை ஆட்டுவார்களாம். மூத்தவளுக்கு அது பிடிக்கும். இவனுக்கு அது போர்முரசு.

மூத்தவளின் இரு விரலுக்கும் அந்த நாள்களில் சோதனை வந்தது. பள்ளிக்குப் போகும் வயது வருகிறதே என்று பாட்டி வேப்பெண்ணெய் தடவத் தொடங்கினாள். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வயதுக்குள் தாமே விட்டுவிடும், தம்பி பிறந்த வீட்டில் அவளுக்கிருக்கும் ஒரே ஆறுதலைப் பறிக்க வேண்டாம் என்று சகோதரி தடுத்தார். தாயின் மடியையும் சேலைத் தலைப்பையும் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விரலோடு மூலையில் உறங்கிய அந்தச் சிறுமியைப் பற்றி அதுவரை எங்களில் ஒருவரும் கவலைப்பட்டதில்லை. அழாத பிள்ளையின் துயரம் கணக்கில் வருவதில்லை.

புகழ்ந்தது பலர் முன்னிலையில் என்பதால் திருத்தியதும் பலர் முன்னிலையில்தான். அடுத்து வந்த திருமுழுக்கு ஞாயிறன்று ஐந்து குழந்தைகள். ஐந்தும் அழுதன. நான் முன்பு சொன்னதை எடுத்துச் சொல்லி, அது அறியாமை என்றேன். அழும் பிள்ளையோடு வரும் தாயைத் திருப்பலியில் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அதன் பிறகும் சிலர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அண்மையில் அவ்வீட்டுக்கு நான் சென்றபோது பையனுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. அவன் மாறிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். இரவில் இன்னமும் மூன்று முறை எழுகிறான். தொட்டில் இன்னமும் வீசி ஆடவேண்டும். அவள் தேறியிருந்தாள். பாட்டி பீடிக்கட்டைக் கடையில் கொடுக்கப் போயிருந்தாள். மாலை ஐந்தரை மணி. ஆறு மணிக்குத் திருப்பலி. "கொஞ்சம் கயித்தைப் பிடிங்க சாமி, உலை கொதிக்குது" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். நான் பிடித்து ஆட்டினேன். கண் மூடினான். கயிற்றை விட்டேன், கண் திறந்தான். மீண்டும் ஆட்டினேன்.

மூத்தவள் அருகே வந்து நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு தன் வாயிலிருந்த இரு விரலையும் எடுத்துப் பாவாடையில் துடைத்துவிட்டு, தொட்டிலை எட்டி, தம்பியின் வாயில் வைத்தாள். "இதை வச்சுக்கோ, ஒறக்கம் வரும்" என்றாள். அவன் முகத்தைச் சுளித்துத் துப்பினான். அவள் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவற்றில் என்ன குறை என்று அவளுக்கு விளங்கவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த தாய் சிரித்தாள்.

ஆறடிக்கச் சில நிமிடம் இருக்கையில் கோவில்பிள்ளை என்னைத் தேடிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "சாமி, சனங்க வந்தாச்சு. ரெண்டாம் மணி அடிக்கலாமா?" என்று உரக்கக் கேட்டார். நான் ஒரு கையால் கயிற்றை இழுத்தபடியே, மறுகையின் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன்.